உருக்காத குச்சி

மஞ்சாலுமூட்டில் ரப்பர் காட்டுக்குப் பின்னால்
ஒரு தகரக் கொட்டில்.
ஈன்று நூற்று நாற்பது நாளாகியும்
கத்தாத பசு.

"இண்ணைக்காவது ஊசி போடுங்க டாக்டரே,
மூணாந்தடவையா வாறிய" என்றாள் லில்லிபாய்.
உறையைத் தோள்வரை இழுத்துவிட்டு
இடக்கையை உள்ளே செலுத்தினேன்.
சூடான இருட்டில் விரல்தான் கண்.
கருப்பை சுத்தம்.
சினைப்பை இரண்டும்
ஊறப்போடாத மொச்சைபோல் சிறுத்து வழவழத்து
ஒரு கொப்புளம்கூட எழும்பாமல்.

உறையைக் கழற்றி இடுப்பெலும்பைத் தொட்டேன்.
சட்டை மாட்டலாம் அதில்.
"எவ்வளவு கறக்குறீங்க?"
"காலம்பற எட்டு, சாயங்காலம் நாலு."
"என்ன தின்னுது?"
"புல்லு. காய்ஞ்ச மரச்சீனித் தோலு.
புண்ணாக்கு வெல கேட்டியளா?"

பன்னிரண்டு லிட்டர்.
தின்றது போதாமல்
தன் முதுகிலிருந்து உருக்கி ஊற்றுகிறது பசு.
மண்டைக்கு அடியில் கடலை அளவு ஓர் இடம்
இரத்தத்தை ருசிபார்த்துக்கொண்டே இருக்கும்:
சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு மிச்சம்,
நாளைக்கு உண்டா.
இல்லையென்றால்
கீழே அனுப்பும் துடிப்பைத் தள்ளிப்போடும்.
மணிக்கொன்று, ஐந்து மணிக்கொன்றாகும்.
இதயம் நிற்கக்கூடாது,
கட்டிப்போட்ட கன்று சாகக்கூடாது.
வராத கன்று காத்திருக்கட்டும்.

அளவுமீறி வெட்டினால் பட்டை மரத்துப்போகும் என்று
லில்லிபாய்க்குத் தெரியும்.
தினம் முந்நூறு மரம் வெட்டுகிறவள்.
ஆனால் மரத்தை இதில் சேர்க்க வேண்டாம்.
மரத்துக்குச் சினையில்லை.

கை கழுவ வாளி கொண்டுவந்தவள்
போகாமல் நின்றாள்.
"ஒரு காரியம் கேக்கட்டா? மாட்டுக் காரியமில்ல."

ஜெப்ரினா. வயது பதினாறு. ஐயாயிரம் மீட்டர்.
அஞ்சு மாசமாகத் தூரமாகவில்லை.
"எவன்கிட்டயாவது..."
மீதியைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.
மருந்துக்கடை அட்டையில் ஒரு கோடுதான் விழுந்ததாம்.
இரண்டு தடவை பார்த்தும்
அட்டையை நம்பவில்லை அம்மா.

நான் மாட்டு டாக்டர் என்றேன்.
தெரியும் என்றாள்.

சானல் கரையிலிருந்து
ஓடி முடித்து வந்தது பிள்ளை.
கழுத்தெலும்புக் குழியில்
வியர்வை தேங்கி நின்றது.
பழக்கதோஷம், என் கண் மதிப்பெண் போட்டுவிட்டது:
ஐந்துக்கு ஒன்றே முக்கால்.
வெட்கமாகப் போயிற்று எனக்கு.

"ராத்திரி என்ன சாப்பிட்ட?"
"கட்டன்காப்பி."
"காலையில?"
"தின்னுட்டு ஓடுனா வயிறு பிடிக்கும்."
"நேத்து மத்தியானம்?"
பதில் இல்லை. பசுவின் நெற்றியைச் சொறிந்தாள்.
ஒரு கிலோ குறைந்தால் பத்து நொடி குறையும்
என்றிருக்கிறார் கோச்.
பத்து நொடியை எங்கிருந்து எடுக்கிறாள் என்று
அவர் கேட்கவில்லை.

"குழித்துறை ஆசுபத்திரியில
பெண் டாக்டரைக் காட்டுங்க.
எவன் பேரும் கேக்காதீங்க.
முதல்ல சோறு போடுங்க" என்றேன்.
பசுவுக்கு அடர்தீவனம் நாலு கிலோ, தாது உப்பு.
ஒரே தாளில் இரண்டையும் எழுதிக் கொடுத்தது
என் தப்பு.

பைக்கில் கட்டிய நைட்ரஜன் கேனை
திறந்து பார்த்து மூடினேன்.
குச்சியை உருக்கவில்லை.
வெள்ளைப்புகை கொஞ்சம் சாணத்தின்மேல் தவழ்ந்து
இல்லாமல் போயிற்று.

ஐப்பசி மழைக்குள் போன்.
"டாக்டரே, பசு இன்னும் கத்தல்ல."
தகரத்தில் மழை அடிக்கும் சத்தம்.
பிறகு, தாழ்ந்து,
"மற்றது வந்தாச்சு."

மாவட்டப் போட்டியில் நாலாவதாம்.
அழுதுகொண்டே மூன்று தோசை தின்றாளாம்.
சொசைட்டிக்குப் போகும் பாலில் ஒரு லிட்டர்
இப்போது வீட்டிலேயே நின்றுவிடுகிறதாம்.
புண்ணாக்குக்குத்தான் இந்த மாசமும் ஒக்கவில்லை.

அந்த ஒரு லிட்டரையும்
முதுகிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது அது.